காட்டேரிக்கு மூச்சு கொடுக்கும் கருவி

பாரிஸ் நகரின் பத்தாம் வட்டாரத்தில், ஃபோபூர் சேன் தெனி வீதியிலிருந்து பிரிந்து செல்லும் ரூ பெர்தொனே என்ற சிறு தெரு, 1980களிலிருந்து இங்கே காலூன்றிய ஈழத்தமிழர்கள் ‘லாச்சப்பல்’ என்று வழங்கும் கடைவீதிப் பகுதியைச் சேர்ந்தது. மளிகைக்கும் நகைக்கும் கலியாணப் புடவைக்கும், ஒரு காலத்தில் தமிழ்ப்பட வீடியோ கசெட்டுக்கும் புறநகர்களிலிருந்து தமிழர்கள் வந்துபோகும் இப்பகுதி, கார் து நோர், கார் து லெஸ்ட் என்னும் இரு பெரிய இரயில் நிலையங்களின் தண்டவாளங்களுக்கு இடையே அமைந்திருக்கிறது. தெருவின் பெயரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இரயில்வே பொறியாளரான ஒகுஸ்த் பெர்தொனேயின் நினைவாக வைக்கப்பட்டதே. வார இறுதியில் இங்கு கூடுகிற கூட்டத்துக்குச் சினிமா என்றால் புதிதாக வெளியான தமிழ்ப்படம்தான் என்றாலும், மௌனப்பட வரலாற்றின் முக்கியமான சான்றுகள் சில இத்தெருவிலிருந்து நடந்துபோகும் தொலைவிலும், சற்றே இரயிலேறிப் போகும் தொலைவிலும் இருக்கின்றன. 1922இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘நொஸ்ஃபெராட்டு’ என்ற இரத்தக் காட்டேரிப் படத்தை, ஒருவர் நேரில் அமர்ந்து ஆர்கன் வாசிக்க, திரையில் காட்டும் வழக்கம் உலகின் பல நகரங்களில் இன்று வேரூன்றியிருக்கிறது. அந்த வழக்கத்தின் மூன்று உறுப்புகளான அரங்கு, படச்சுருள், கருவி ஆகியவற்றின் கதையைப் பாரிசின் இந்த மூலையில் தொடங்கியே சொல்லிவிடலாம்.

லா ஷப்பேல் மெட்ரோ நிலையத்திலிருந்து மேற்கே, தலைக்கு மேலே ஓடும் இரண்டாம் எண் மெட்ரோவின் இரும்புப் பாதையை ஒட்டி நடந்தால், கார் து நோர் நிலையத்தின் தண்டவாளங்களைக் கடக்கும் பாலத்துக்கு அப்பால், அடுத்த நிறுத்தமான பார்பெஸில், எகிப்தியக் கோயிலைப் போன்ற தூண்களும் வண்ணச் சில்லுகளால் இழைத்த முகப்பும் கொண்ட லூக்சோர் திரையரங்கு தென்படும். கட்டடக்கலைஞர் ஆன்ரி சிப்சியின் வடிவமைப்பில் 1921ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் திறக்கப்பட்ட அது, ஏறத்தாழ 1,200 பேர் அமரக்கூடிய மௌனப்பட மாளிகையாக விளங்கியது. துட்டன்காமனின் கல்லறை கண்டுபிடிக்கப்பட்டு உலகத்தையே எகிப்துப் பித்து பிடித்தது அதற்கு ஓராண்டு கழித்துத்தான் என்பதால், லூக்சோரைக் கட்டியவர்களுக்குக் காலத்தை முந்தும் மூக்கு இருந்திருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய பத்தாண்டுகளில் பார்பெஸ் பகுதி குடியேறிகளின் குடியிருப்பாக மாறியபோது, லூக்சோரும் எகிப்தியப் படங்களையும் இந்திப் படங்களையும் திரையிட்டுத் தன் புதிய அக்கம்பக்கத்தாருக்கு ஏற்றபடி மாறிக்கொண்டது. 1983இல் திரையரங்கு மூடப்பட்டது. பிறகு சில ஆண்டுகள் இரவு நடன விடுதியாக நடந்து, அதுவும் நின்றுபோய்ப் பாழடைந்து கிடந்த கட்டடத்தை 2003இல் பாரிஸ் மாநகராட்சி வாங்கி, கட்டடக்கலைஞர் பிலிப் புய்மேனைக் கொண்டு பழைய வடிவத்துக்குத் திருப்பி, 2013ஆம் ஆண்டு ஏப்ரலில் மீண்டும் திறந்தது. இப்போது அதன் பெரிய அரங்கு எகிப்திய இயக்குநர் யூசுஃப் ஷாஹினின் பெயரைத் தாங்கியிருக்கிறது. ‘நொஸ்ஃபெராட்டு’ பிறந்த காலத்தில் ஒரு திரைப்பட மாளிகை எப்படி இருந்தது என்பதை ரூ பெர்தொனேயில் காய்கறி வாங்கிய கையோடு போய்ப் பார்த்துவிடலாம் என்பது, அத்தெருவாசிகளில் பலர் கவனிக்காமல் விட்டுவிட்ட ஒரு வசதி.

படத்துக்கு வருவோம். அதைத் தயாரித்த ஜெர்மன் நிறுவனத்தின் பெயர் பிராணா. அமானுஷ்ய வித்தைகளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஓவியர் அல்பின் கிராவும், வணிகரான என்ரிக்கோ டீக்மானும் 1921இல் தொடங்கிய அந்த நிறுவனம், யோக நூல்கள் கூறும் பிராணனையே தன் பெயராகச் சூடிக்கொண்டு, மறைஞானப் படங்களை வரிசையாக எடுக்கத் திட்டமிட்டது. எடுத்து முடித்தது ஒன்றே ஒன்றுதான். அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலை உரிமை பெறாமலேயே எடுத்துக்கொண்டு, கதைமாந்தரின் பெயர்களையும் ஊரையும் மாற்றி ஹென்ரிக் காலேன் திரைக்கதை எழுத, எஃப். டபிள்யூ. மூர்னாவ் இயக்கினார். வீடு விற்கும் தரகரின் எழுத்தரான ஹுட்டர் தொலைதூர மலைநாட்டிலுள்ள கோட்டைக்குச் சென்று, ஓர்லோக் என்ற பிரபுவிடம் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறான். அந்தப் பிரபுவோ மண் நிரம்பிய சவப்பெட்டிகளோடும் எலிகளோடும் கப்பலேறி ஹுட்டரின் ஊருக்கே குடிவந்துவிட, ஊரில் கொள்ளைநோய் பரவுகிறது. ஹுட்டரின் மனைவி எல்லென் தன்னையே இரையாகக் கொடுத்து, விடியும்வரை அவனைத் தன் அருகில் நிறுத்திவைத்து அழிக்கிறாள். காட்டேரி வெயில் பட்டால் கரைந்துபோகும் என்று இன்று சிறுவர்களுக்கும் தெரிந்திருக்கும் செய்தி ஸ்டோக்கரின் நாவலில் இல்லை. நாவலின் டிராகுலா பகலிலும் நடமாடுகிறான். வெயிலுக்குச் சாகும் காட்டேரி இந்தப் படம் படைத்தது.

ஓர்லோக்காக நடித்த மாக்ஸ் ஷ்ரெக்கின் மொட்டைத் தலையும், எலியைப் போல் முன்னால் நீண்ட இரு பற்களும், வளர்ந்துகொண்டே போகும் விரல்களும் ஒருபுறமிருக்க, படத்தின் அச்சத்தில் பெரும்பங்கு ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னரின் எளிய தந்திரங்களுக்கு உரியது. கோட்டைக்குச் செல்லும் குதிரைவண்டி படக்கட்டங்களை விட்டு விட்டு எடுத்ததால் நடுங்கி நடுங்கி விரைகிறது. காட்டுவழியின் ஒரு பகுதி நெகட்டிவாகவே காட்டப்படுவதால் மரங்கள் வெளுத்தும் வானம் கறுத்தும் தோன்றுகின்றன. அரங்க ஓவியங்களை நம்பி எடுத்த அக்கால ஜெர்மன் படங்களிலிருந்து விலகி, விஸ்மார், லூபெக் ஆகிய துறைமுக நகரங்களிலும், இன்றைய ஸ்லோவாக்கியாவிலுள்ள ஓராவா கோட்டையிலும் வெளிப்புறக் காட்சிகளை எடுத்தார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது, ஏனெனில் நிஜமான கூரையும் நிஜமான கடலும் இருக்கும்போதுதான் அங்கே நடமாடும் பொய்யான உருவம் கூடுதலாக உறுத்துகிறது.

படம் 1922 மார்ச் 4ஆம் நாள் பெர்லின் விலங்குக்காட்சிச் சாலையின் பளிங்கு மண்டபத்தில் விழாக்கோலத்தில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸுக்குச் செய்தி எட்டியதும் அவர் வழக்கு தொடுத்தார். அதற்குள் பிராணா நிறுவனம் திவாலாகிவிட்டதால் இழப்பீடு கேட்டுப் பயனில்லை என்ற நிலையில், படத்தின் எல்லாப் பிரதிகளையும் நெகட்டிவையும் அழித்துவிடவேண்டும் என்று 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அயல்நாடுகளுக்கு விற்கப்பட்டிருந்த பிரதிகளை அந்தத் தீர்ப்பால் எட்டிப் பிடிக்க முடியவில்லை. அவற்றுள் ஒன்று, 1922இல் பிரெஞ்சு எழுத்தட்டைகளோடு தயாரிக்கப்பட்டது. எழுத்தட்டை என்பது மௌனப்படங்களில் உரையாடலையும் கதைக்குறிப்பையும் காட்சிகளுக்கிடையே அச்சிட்டுக் காட்டும் படக்கட்டம். பாரிசின் திரைப்படக் காப்பகமான சினமாதெக் ஃபிரான்சேஸில் பாதுகாக்கப்பட்ட அந்தப் பிரதியைத்தான், 2005–06இல் மூர்னாவ் அறக்கட்டளைக்காக லூசியானோ பெரியாத்துவா மேற்கொண்ட மீட்புப்பணி அடிப்படையாகக் கொண்டது. இன்று உலகெங்கும் பரவலாகத் திரையிடப்படும் வடிவம் அதிலிருந்து பிறந்ததே. பாலத்தைக் கடந்ததும் ஹுட்டரைப் பேயுருக்கள் எதிர்கொள்வதாகக் கூறும் பிரெஞ்சு எழுத்தட்டையொன்றில் சர்ரியலிசக் கவிஞர் அந்த்ரே பிரெத்தோன் மயங்கிக் கிடந்தார் என்பதும், 1932இல் வெளியான தம் நூலில் அதை எடுத்துக்காட்டினார் என்பதும் பிரெஞ்சு இலக்கிய உலகில் பிரபலமான செய்தி.

இதே போன்ற ஒரு விதி தென்னிந்தியாவின் மௌனப்படம் ஒன்றுக்கும் நேர்ந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர் ராஜ் தயாரித்து, பி. வி. ராவ் இயக்கி, 1933இல் திருவனந்தபுரத்தில் திரையிடப்பட்ட ‘மார்த்தாண்ட வர்மா’, சி. வி. ராமன் பிள்ளையின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. நாவலின் வெளியீட்டு உரிமையை வைத்திருந்த கமலாலயா புக் டிப்போ வழக்கு தொடுத்துப் படத்தை நிறுத்தியது. பறிபோன சுருள் பதிப்பகத்தின் கிடங்கிலேயே கிடந்து, 1974இல் புணே தேசியத் திரைப்படக் காப்பகத்தின் கைக்கு வந்தது. தடையின்றி ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிற மௌனப்படங்களில் பெரும்பாலானவை வெள்ளிக்காகவும் செல்லுலாயிடுக்காகவும் உருக்கப்பட்டோ மக்கிப்போயோ மறைந்துவிட, வழக்கில் சிக்கிய படம் வழக்கின் புண்ணியத்தால் பிழைத்தது என்பதை என்னவென்று சொல்வது! ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ முதலிய தமிழ்நாட்டு மௌனப்படங்கள் எதையும் இன்று பார்க்க வழியில்லை.

‘நொஸ்ஃபெராட்டு’வின் பிரெஞ்சுப் பிரதிக்கு மதிப்பு அதன் சாயத்தில் இருக்கிறது. இரவுக் காட்சிகளை இரவில் எடுக்கப் போதிய ஒளியுணர்வு அக்காலப் பிலிமுக்கு இல்லை என்பதால் அவற்றைப் பட்டப்பகலில் எடுத்து, பிறகு சுருளின் அந்தப் பகுதியை நீலச் சாயத்தில் தோய்ப்பார்கள். விளக்கெரியும் அறைக்கு மஞ்சளும் விடியலுக்கு இளஞ்சிவப்பும் வழக்கமாயின. சாயம் நீங்கிய கறுப்பு வெள்ளைப் பிரதிகள் மட்டுமே பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்ததால், வெயிலில் கரையவேண்டிய ஓர்லோக் நல்ல வெயிலில் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பதைப் பார்த்து மக்கள் சிரித்தார்கள். சாயம் திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. படத்தின் ஓட்டமும் அப்படியே. நொடிக்கு 24 கட்டங்கள் என்று பேசும் படத்துக்கு வகுத்த வேகத்தில் ஓட்டினால் எல்லோரும் துள்ளித் துள்ளி நடப்பார்கள், ஏறக்குறைய 18 கட்டங்கள் என்ற வேகத்தில் ஓட்டினால் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் நீளும் படத்தில் மாந்தர்கள் மாந்தர்களாகவே நடமாடுவார்கள்.

மீளாமல் போனது இசை. பெர்லின் முதற்காட்சிக்காக ஹான்ஸ் எர்ட்மான் இசைக்குழுவுக்கு எழுதிய இசையின் முழு ஏடு கிடைக்கவில்லை. அதிலிருந்து அவரே தொகுத்து வெளியிட்ட கச்சேரித் தொகுதியை வைத்துக்கொண்டு பிற்காலத்தவர் பலர் முழு இசையைப் புனைந்து பார்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த இசை முழுமையாகக் கிடைத்திருந்தாலும் அது பெரும்பாலான பார்வையாளர்கள் கேட்ட இசையாக இருந்திருக்காது. பெருநகரத்து மாளிகை ஒன்றில் ஐம்பது பேர் வாசித்த படத்துக்குச் சிற்றூரில் ஒரே ஒரு பியானோக்காரர் வாசித்தார். இருவரும் வாசித்தது ஒன்றல்ல. அச்சம், துரத்தல், புயல், காதல் என்று மெய்ப்பாடுவாரியாகப் பகுத்த இசைத்துண்டுத் தொகுப்புகள் விற்பனைக்குக் கிடைத்தன. துயரத்துக்கு முகாரி, வீராவேசத்துக்கு அடாணா என்று நாடகமேடையில் பாடகருக்கும் பின்பாட்டுக்காரருக்கும் இருந்த எழுதாத ஒப்பந்தத்தை அச்சிட்டு விற்றதைப் போன்ற ஏற்பாடு அது. எர்ட்மானும் ஜுசெப்பே பெச்சேயும் 1927இல் வெளியிட்ட திரையிசைக் கையேடு அத்தகைய அறிவின் உச்சம். ஆகவே மௌனப்படம் என்பது சுருளில் பாதியும் அரங்கில் பாதியுமாக இருந்த கலை. சுருளை எத்தனை கவனமாக மீட்டாலும் மற்ற பாதியை ஒவ்வொரு காட்சியிலும் ஒருவர் புதிதாக இட்டு நிரப்பியே ஆகவேண்டும்.

அந்த இட்டு நிரப்பலில் ஆர்கனின் உறவினரான ஆர்மோனியம் தொடக்கத்திலேயே இடம்பெற்றது. உலகப்புகழ் பெற்ற இசையமைப்பாளர் ஒருவர் ஒரு படத்துக்கென்றே எழுதிய முதல் இசைகளுள் ஒன்றாக மதிக்கப்படுவது, பாரிசில் மதலேன் தேவாலயத்தின் ஆர்கன் கலைஞராகப் பல்லாண்டு பணியாற்றிய கமீய் சேன்-சான்ஸ் 1908இல் ‘கீஸ் பிரபுவின் படுகொலை’ என்ற குறும்படத்துக்கு எழுதியது. அதன் சிறு குழுவில் நரம்புக்கருவிகளோடும் பியானோவோடும் ஆர்மோனியமும் உண்டு. தமிழ்நாட்டு நாடகக் கொட்டகையும் பஜனை மடமும் தமக்கே உரியதாக ஆக்கிக்கொண்ட இந்தக் கருவிக்கு 1842இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாந்திர் தெபேன் என்ற பாரிஸ்காரர். காலால் துருத்தியை மிதித்து வாசித்த அந்த மேசைக்கருவியை, தரையில் அமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கும் சிறு பெட்டியாகக் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் மாற்றியமைத்த பிறகுதான் அது இந்தியா முழுவதும் பரவியது.

ஆர்மோனியத்தின் உள்ளே பித்தளை நாக்குகள் காற்றில் அதிர்ந்து ஒலிக்கின்றன; குழாய் ஆர்கனிலோ ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு குழாய் நிற்கிறது. புல்லாங்குழலைப் போல் விளிம்பில் காற்று மோதி ஒலிப்பவையும், நாகசுரத்தின் சீவாளியைப் போல் நாக்கு அதிர்ந்து ஒலிப்பவையும் என அக்குழாய்கள் இருவகைப்படும். ஒரே குரல்வளம் கொண்ட குழாய்களின் தொகுதியை ஒரு வரிசை என்பர். குழாய் நீள நீள ஒலி தாழும். பதினாறு அடி, அதாவது ஏறத்தாழ ஐந்து மீட்டர் நீளமுள்ள திறந்த குழாய் நொடிக்கு சுமார் 33 அதிர்வுகளை எழுப்பும். அந்த ஒலியைக் காது கேட்பதற்கு முன்பே இருக்கையின் பலகை உணர்ந்துவிடும். தேவாலய ஆர்கனைத் திரையரங்குக்கு ஏற்ற கருவியாக உருமாற்றியவர் ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர். தொலைபேசி நிறுவனத்தில் மின்பொறியாளராக இருந்த அவர், கட்டைக்கும் குழாய்க்கும் இடையே இருந்த மரக்கம்பிகளை அகற்றிவிட்டு மின்கம்பிகளை இழுத்தார். கட்டையை அழுத்தியதும் மின்தொடர்பு இணைகிறது. எங்கோ ஒரு கூடத்தில் சிறு காந்தம் ஒன்று தகட்டைத் தூக்குகிறது. அதனால் விரலளவுத் துருத்தி ஒன்று காற்றிழந்து சுருங்கி, குழாயின் அடியிலுள்ள அடைப்பை இழுத்துத் திறக்கிறது. காற்று குழாய்க்குள் பாய்கிறது. இத்தனையும் நடந்து முடிய இமைக்கும் நேரம்கூட ஆவதில்லை. மின்கம்பி எவ்வளவு தூரமும் போகும் என்பதால், வாசிப்பவரின் மேடையைத் திரைக்கு முன்னாலும் குழாய்களைச் சுவருக்குப் பின்னாலும் வைக்க முடிந்தது. ஒரே வரிசைக் குழாய்களைப் பல விசைப்பலகைகளிலிருந்தும் பல ஸ்தாயிகளிலும் ஒலிக்கச் செய்ய முடிந்ததால், குறைந்த குழாய்களைக் கொண்டு ஒரு முழு இசைக்குழுவின் பாவனையையும் காட்ட முடிந்தது. 1910இல் அமெரிக்காவின் வுர்லிட்சர் நிறுவனத்தில் சேர்ந்த ஹோப்-ஜோன்ஸ் நான்கே ஆண்டுகளில் மறைந்தாலும், அந்நிறுவனம் அவருடைய முறைப்படி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஆர்கன்களைச் செய்து விற்றது.

தேவாலயக் கருவியோடு ஒப்பிட்டால் திரையரங்க ஆர்கனின் காற்றழுத்தம் மூன்று மடங்கோ அதற்கு மேலோ இருக்கும். அதோடு நடுக்கி என்ற உறுப்பு காற்றோட்டத்தை உலுக்குவதால், குரலில் கமகம் போட்டதுபோல் ஒலி அலைபாயும். ஆர்கனில் கட்டையை எவ்வளவு வலுவாக அடித்தாலும் ஒலியளவு மாறாது. குழாய்கள் இருக்கும் அறையின் முகப்பில் சன்னல் சட்டங்களைப் போன்ற மரப்பலகைகளை வலக்காலால் திறந்து மூடியே ஒலியை ஏற்றி இறக்குகிறார்கள். குழாய்களோடு நில்லாமல் உண்மையான முரசு, ஜால்ரா, சைலஃபோன், மணிவரிசை ஆகியவற்றையும் அதே காற்றால் தட்டி ஒலிக்க வைத்தார்கள். போதாக்குறைக்குக் குதிரைக் குளம்பொலி, பறவைச் சீழ்க்கை, இரயில் ஊதல், கடலலை என்று ஒலி விளையாட்டுப் பெட்டி ஒன்றும் சேர்ந்தது. அமெரிக்க முதலாளிகளுக்கு இதன் கவர்ச்சி எளிய கணக்கில் அடங்கியது: இருபது பேருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்குப் பதிலாக ஒருவருக்குக் கொடுத்தால் போதும்.

பாரிசின் பெரிய திரையரங்குகள் இசைக்குழுக்களையே நெடுங்காலம் கொண்டாடின. குதிரை வித்தைக் கூடமாக இருந்து 1911இல் திரைப்பட மாளிகையாக மாறிய கோமோன் பலாஸ், பிளாஸ் கிளிஷிக்கு அருகே, இதே இரண்டாம் எண் மெட்ரோப் பாதையில் அமைந்திருந்தது. 1931இல் ஆறாயிரம் இருக்கைகளோடு புதுப்பிக்கப்பட்டபோது ஐரோப்பாவின் மிகப்பெரிய திரையரங்குகளுள் ஒன்றாக விளங்கிற்று. அங்கே 1932இல் லண்டனின் ஹில், நார்மன் அண்டு பியர்ட் நிறுவனம் கிறிஸ்டி என்ற தன் வணிகப்பெயரில் செய்த, நான்கு விசைப்பலகைகளும் பதினான்கு வரிசைக் குழாய்களும் கொண்ட ஆர்கன் நிறுவப்பட்டது. ஆண்டைக் கவனிக்க வேண்டும்: பேசும் படம் வந்து மௌனப்படம் மாண்டுபோன பிறகு அந்தக் கருவி வந்து சேர்ந்திருக்கிறது, முந்தைய ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளிலேயே சென்னையில் ‘காளிதாஸ்’ பேசிப் பாடத் தொடங்கியாயிற்று. ஆகவே கோமோன் பலாசின் ஆர்கன் மௌனப்படத்துக்குப் பின்னணி வாசிக்கப் பிறந்ததன்று. படங்களுக்கிடையே, வாசிப்பவரோடு மேடை தரைக்கடியிலிருந்து எழும்பிவர, இடைவேளைக் கூட்டத்தை மகிழ்வித்த கருவி அது. திரையரங்க ஆர்கன் என்றாலே மௌனப்படத்தின் இணைபிரியாத் துணை என்று இன்று எழும் எண்ணம், குறைந்தபட்சம் பாரிசைப் பொறுத்தவரை, பின்னாளில் கட்டிய உறவு.

கோமோன் பலாஸ் 1970களின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் ஹோட்டலும் கடைத்தொகுதியும் எழுந்தன. ஆர்கனை நோழான்-சூர்-மார்ன் என்ற புறநகர் வாங்கி, பாரிசின் நடுச்சந்தையான லே ஆல் இடிக்கப்பட்டபோது முழுமையாகத் தப்பிய ஒரே இரும்புக் கூடமான பவியோன் பல்தாரில் நிறுவியது. கூடமே பெயர்த்தெடுத்து நோழானில் மறுபடியும் பொருத்தப்பட்டதுதான். பழைய சந்தையில் அது எட்டாம் எண் கூடம், முட்டையும் கோழியும் விற்ற இடம். சேவல் கூவும் நேரத்தில் சாகும் காட்டேரிக்கு வாசிக்கத் தகுந்த ஆர்கன் கடைசியில் கோழிச்சந்தையில் குடியேறியது ஒரு தற்செயல்தான், என்றாலும் பிராணா நிறுவனத்தாருக்கு இதில் ஏதோ சூசகம் தென்பட்டிருக்கும். அரசு வரலாற்றுச் சின்னமாக அறிவித்துள்ள அந்தக் கருவியை நாடிச் செல்ல ரூ பெர்தொனேயிலிருந்து மஜெந்தா நிலையத்துக்கு நடந்து, ஆர்.இ.ஆர். ‘இ’ பாதை இரயிலேறினால் நோழான்-லெ பெரோ நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கருவி ‘நொஸ்ஃபெராட்டு’வுக்கு ஏன் பொருந்துகிறது என்ற கேள்விக்கு, ஆர்கன் என்றால் பாழடைந்த கோட்டையும் பேயும் என்ற பழகிய எண்ணத்தை விடையாகச் சொல்வது சோம்பேறித்தனம். பியானோவில் அடித்த சுரம் அடித்த கணத்திலிருந்து தேயத் தொடங்குகிறது. வயலினில் வில் முடிந்தால் திரும்பவேண்டும். ஆர்கனில் விரலை எடுக்கும்வரை சுரம் அசையாமல், தளராமல், மூச்சு வாங்காமல் நிற்கிறது. மனித உடம்பால் இயலாத அந்த முடிவற்ற மூச்சு, சாகாத உடம்பொன்றைப் பற்றிய படத்துக்கு ஏற்ற ஒலி. ஓர்லோக்கின் நிழல் மட்டும் மாடிப்படியில் ஏறிவரும் புகழ்பெற்ற காட்சியில், தேர்ந்த கலைஞர் மெட்டு எதையும் வாசிப்பதில்லை. மிதிகட்டையில் ஒரு தாழ்ந்த சுரத்தைப் பிடித்துக்கொண்டு, நிழலின் விரல்கள் கதவை நோக்கி நீளும்போது மரப்பலகைகளை அங்குலம் அங்குலமாகத் திறக்கிறார். நிழல்கை எல்லெனின் நெஞ்சின்மேல் படர்ந்து இறுக மூடும் நொடியில் ஒலியைச் சட்டென்று நிறுத்துபவர்கள் உண்டு. அதுவரை ஒலித்துக்கொண்டிருந்ததே அப்போதுதான் அவைக்கு உறைக்கும்.

ஆனால் ஒலி விளையாட்டுப் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய சோதனை. ஓர்லோக்கின் கோட்டையில் இரவுணவின்போது, எலும்புக்கூடு ஒன்று மணியடிக்கும் கடிகாரம் நள்ளிரவை அறிவிக்க, ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த ஹுட்டர் திடுக்கிட்டு விரலை அறுத்துக்கொள்கிறான். அங்கே மணிவரிசையைத் தட்டுவது காட்சியே கேட்கும் ஒலி. வண்டி வரும்போதெல்லாம் குளம்பொலியும், கப்பல் தெரியும்போதெல்லாம் அலையோசையும், இறுதியில் சேவலுக்குக் கொக்கரக்கோவும் சேர்த்தால் அவை சிரிக்கத் தொடங்கிவிடும், படத்தை மீட்டவர்கள் சாயம் சேர்த்துத் துரத்திய சிரிப்பு வேறு வழியாக உள்ளே வந்துவிடும். கேலியும் கிண்டலுமாகப் பார்ப்பதற்கும் உரிமையுண்டு என்று வாதிடுவோர் உளர், குறிப்பாக அக்டோபர் இறுதியில் வரும் ஹாலோவீன் நாள்களில் வேடமிட்டுக்கொண்டு வரும் கூட்டத்துக்கு அது பிடிக்கும். எனினும் எல்லெனின் சாவைப் பகடியாக்கும் வாசிப்பு, படத்தில் உள்ள துயரத்தைக் கேட்கத் தெரியாத வாசிப்பே. பாரிசில் இதற்கு மாறான பள்ளி ஒன்று உண்டு. ஞாயிறு வழிபாட்டில் கொடுத்த மெட்டை எடுத்துக்கொண்டு அப்போதே கற்பனையாக விரித்து வாசிப்பதில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த தேவாலய ஆர்கன் கலைஞர்களின் மரபு அது. அம்மரபில் வந்த தியரி எஸ்கேஷ் மௌனப்படங்களுக்கும் அவ்வாறே எழுதிவைக்காமல் வாசிக்கிறார். நம் கச்சேரி மேடையின் மனோதர்மத்தைப் பழகிய காதுகளுக்கு இந்த வாசிப்பின் நியாயம் உடனே பிடிபடும். பியானோவில் கேட்க விரும்புவோருக்கு, பதின்மூன்றாம் வட்டாரத்து கோப்லேன் சாலையில் 2014இல் திறக்கப்பட்ட ஜெரோம் செய்து-பாத்தே அறக்கட்டளையின் சிறு அரங்கு இருக்கிறது. அங்கே மௌனப்படங்கள் நேரடி வாசிப்போடு தொடர்ந்து காட்டப்படுகின்றன.

மௌனப்படத்தின் அரங்குப் பாதி தமிழ்நாட்டில் எப்படி நிரப்பப்பட்டது என்பதும் பிரான்சோடு ஒட்டிய கதையே. திருச்சிராப்பள்ளியில் தென்னிந்திய இரயில்வேயின் வரைபடக் கலைஞராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், ஊர் ஊராகப் படம் காட்டிக்கொண்டு வந்து உடல்நலம் குன்றிப்போன டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து 1905இல் புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தோடு கிளம்பினார். 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் திரையரங்கை நிறுவினார். அத்தகைய கொட்டகைகளில் எழுத்தட்டையைப் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் திரையருகே நின்று கதையை உரத்துச் சொல்லுவார். அதற்கு ஊடே ஆர்மோனியமும் தபலாவும் ஒலிக்கும். பாரிசில் காப்புரிமை பெற்ற நாக்குகளும், பிரெஞ்சுக்காரர்கள் உலகுக்குக் காட்டிய படப்பெட்டியும் காவிரிக் கரையில் ஒரே கூடாரத்துக்குள் சேர்ந்துகொண்டன. விளக்குநர் எவருடைய குரலும் பதிவாகவில்லை. அவர்கள் விளக்கிய படங்களும் இல்லை.

கூத்திலும் நாடகத்திலும் காற்றுக்கருவியை வைத்துக்கொண்டு பேயையும் காளியையும் வரவழைத்த கைகள் தமிழரிடம் இன்னும் இருக்கின்றன. லாச்சப்பலுக்கு வந்துபோகும் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வார இறுதிகளில் மிருதங்கமும் வீணையும் பயில்கிறார்கள். பெருஞ்செலவில் மட்டுமே கிடைக்கும் பதினாறடிக் குழாய் இல்லாவிட்டாலும், சுருதிப்பெட்டியின் ஓயாத ஆதார ஒலியும் ஓர் ஆர்மோனியமும் ஓர்லோக்கின் நிழலைப் படியேற்றப் போதுமானவை. மூர்னாவ் 1931இலும் திரைக்கதை எழுதிய காலேன் 1949இலும் இறந்துவிட்டதால், எழுத்தாளர் மறைந்து எழுபது ஆண்டுகள் என்ற ஐரோப்பியக் கணக்குப்படி படத்தின் பதிப்புரிமைக் காலம் கடந்துவிட்டது. மீட்கப்பட்ட பிரதியைக் காட்டுவதற்கு மட்டும் அதை வைத்திருப்பவர்களிடம் அனுமதி பெறவேண்டியிருக்கும்.